முகம் அடங்கும் தூரம்

ஜனவரி 9

அக்கா,

நீ போனை எடுக்க மாட்டாய் என்று தெரியும். நாற்பத்தொரு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். நாற்பத்திரண்டாவது தடவைக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. அதனால் காகிதம். என் கையெழுத்தைப் பார்த்துக் கோழி கிளறியது மாதிரி இருக்கிறது என்பாய். சொல்லிக்கொள். போன ஜூலையில் ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்று நீ என்னிடம் கடைசியாகச் சொன்னதற்கு இது எவ்வளவோ மேல்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் வலது கண் போனது போனதுதான். இடது கண்ணிலும் ஓரமெல்லாம் இருட்டிக்கொண்டு வருகிறது. ஆபரேஷன் முடிந்தது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடுகிறேன். கண் அழுத்தம் இறங்கியிருக்கிறது. ஆனால் டாக்டர் அம்மா ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: நரம்பு ஏற்கெனவே ரொம்ப அடிபட்டிருக்கிறது, மிச்சம் இருப்பது எத்தனை மாதம் தாங்கும் என்று தன்னால் சொல்ல முடியாதாம்.

இப்போது நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் தெளிவாகத் தெரிகிறது. அந்த வட்டத்துக்குள் வருவதுதான் அவருக்கு உலகம். நேற்றுக் காலை எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். திடீரென்று, "மூக்கப் பாத்தா காது காணாமப் போவுது, காதப் பாத்தா மூக்கு காணாமப் போவுது. கொஞ்சம் பின்னால போடா" என்றார். எழுந்து ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்தேன். ஏழாவது அடியில், "நில்லு, நில்லு. இப்ப முழுசா இருக்கே" என்றார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்: "பெரியவள ஒரு தடவ இதே எடத்துல கொண்டாந்து நிறுத்துடா. முழுசா ஒரு தடவ பாத்துக்கறேன்."

அவ்வளவுதான் கேட்டார். ஏழு அடி. வா, அக்கா. என்னோடு பேச வேண்டாம், நான் வெளியே போய்விடுகிறேன்.

தம்பி


ஜனவரி 23

தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. கிழித்துப் போடத்தான் எடுத்தேன். அப்பா பெயரைப் பார்த்ததும் படித்தேன்.

ஒன்றும் நடக்காத மாதிரி கோழி, மானம் என்று தமாஷ் பண்ணி எழுத உனக்கு எப்படி மனசு வருகிறது? நடந்தது உனக்கு மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசான கண்ணாடியை நான் செய்தேன். அதன் பின்னால் தொண்ணூற்றேழு ஊசிகளை வைத்து, கண்ணுக்குள் போய்த் திரும்பும் வெளிச்சம் எங்கே கலங்குகிறதோ அங்கே கண்ணாடியை நெளித்து நேராக்குகிற மாதிரி செய்தேன். கண்ணின் அடியில் இருக்கும் நரம்பை இழை இழையாகப் படம் பிடிக்கலாம் என்று. படத்தை வாங்கிக் கணக்குப் போடுவது உன் வேலை. படத்தில் ஒரு பக்கம் பிறை மாதிரி ஒரு நிழல் விழுந்தது. தினமும் ஒரே இடம். கண்ணாடியில்தான் கோளாறு என்று நான் ராப்பகலாக இழைத்தேன். புதிதாக இன்னொரு கண்ணாடியே செய்தேன். அதிலும் அதே நிழல். என் கையிலேயே ஏதோ பிசகு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது நீ என்ன செய்தாய்? "விடுக்கா, நான் கழிச்சுடறேன்" என்றாய். இருநூறு நாள் படங்களைச் சராசரி எடுத்து, அந்த நிழலை அப்படியே கழித்தாய். படம் பளிச்சென்று ஆயிற்று. பிழை இருபது நானோமீட்டரிலிருந்து நாலுக்கு இறங்கியது என்று குதித்தாய். அது கண்ணாடியின் கோளாறு இல்லை. தினமும் ஏழு மணிக்கு நமக்காக மிஷினின் தாங்கியில் தாடையை வைத்து உட்கார்ந்தாரே அப்பா, அவர் கண். நரம்பு செத்துக்கொண்டிருந்த இடம் அது. உன் பழைய படத்தைத் தற்செயலாகப் பார்த்த டாக்டர் அம்மாதான் "இது யாரோட கண்ணு? உடனே கூட்டிட்டு வாங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது. மூன்று வருஷம் நாம் பார்த்துக்கொண்டே இருந்தோம். நீ கழித்துக்கொண்டே இருந்தாய்.

என்னால் இப்போது வர முடியாது. இங்கே தொழிற்சாலையில் பெரிய கண்ணாடி ஒன்று இழைப்பில் இருக்கிறது. பாதியில் விட்டால் மேற்பரப்பு கெட்டுப்போகும்.

சொட்டு மருந்தை விடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். விட்டபிறகு கண்ணின் உள்மூலையை விரலால் இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடிக்கிறாயா? இல்லையென்றால் மருந்து மூக்குக்குப் போய்விடும்.

அக்கா


பிப்ரவரி 6

அக்கா,

பிடிக்கிறேன். "ரெண்டு நிமிஷம்னா எனக்கு ரெண்டு நிமிஷம், இவனுக்கு அஞ்சு நிமிஷம்" என்று தினமும் புகார் சொல்கிறார்.

நீ எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. நான்தான் கழித்தேன். அதோடு விடவில்லை. வாரம் ஒருமுறை புதுப் படங்களிலிருந்து அதுவே நிழலைக் கற்றுக்கொள்கிற மாதிரி எழுதி வைத்தேன். நிழல் வளர வளர அதுவும் சேர்த்துக் கழித்தது. வளர்வதை நான் பார்த்தேன், அக்கா. ஊசிகள் களைத்துப் போகின்றன என்று நினைத்தேன். ஆலையில் முப்பது வருஷம் துணியில் பழுது கண்டுபிடித்த மனுஷர் அவர். வெளிச்ச மேஜைமேல் ஓடுகிற துணியைக் கண் கொட்டாமல் பார்த்து, நூல் விட்ட இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். அதனால்தானே அந்தக் கண்ணையே நமக்கு அளவுகோலாக வைத்தோம். நாற்பது நிமிஷம் அசையாமல் இருக்க வேறு யாரால் முடியும்? "அளவுகோலை மாற்றாதே" என்று நீதானே சுவரில் எழுதி ஒட்டினாய்.

குத்திக்காட்டவில்லை. வேலை செய்கிற அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், நேற்று அந்தத் தாளை உரித்தேன். அதனால் நினைவு வந்தது. நோட்டுகளையும் அடுக்கினேன். மூன்றாவது நோட்டில் 57க்குப் பிறகு 59 இருக்கிறது. 58 கிழிந்திருக்கிறது. உனக்கு ஏதாவது தெரியுமா?

வட்டத்தை எப்படி அளக்கிறேன் என்று சொல்கிறேன், நீ கேட்காவிட்டாலும். கறுப்பு அட்டையில் வெள்ளைச் சட்டைப் பொத்தானை இடமிருந்து வலமாக நகர்த்துவேன். தெரிய ஆரம்பித்ததும் "இருக்கு" என்பார், மறைந்ததும் "போச்சு" என்பார். போன மாதம் கை நீட்டும் தூரத்தில் டீ டம்ளரின் வாய் அளவு இருந்தது. இன்று சுருங்கிவிட்டது. அதன் கணக்குப்படி ஒரு முகம் அடங்க ஒன்பது அடி தள்ளி நிற்க வேண்டும்.

உன் கண்ணாடி எப்போது முடியும்?

தம்பி


மார்ச் 1

தம்பி,

நோட்டில் ஒரு பக்கம் கிழிவதெல்லாம் பெரிய விஷயமா? டீ கொட்டியிருக்கும், கிழித்திருப்போம். இருப்பதைக் கவனி.

இதோடு ஒரு சின்னப் பெட்டி அனுப்பியிருக்கிறேன். பஞ்சைப் பிரிக்கும்போது விரல் படாமல் எடு. இங்கே மத்தியான இடைவேளைகளில் உட்கார்ந்து இழைத்தது. தொலைநோக்கியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கிற மாதிரி. தூரத்தைக் கிட்டே காட்டாது, எதிரே இருப்பதைப் பாதியாகச் சின்னதாக்கிக் காட்டும். அப்பாவின் மூக்குக் கண்ணாடியில் மாட்டிவிட்டால், ஒன்பது அடி நாலரை அடியாகிவிடும். முகம், கழுத்து, தோள் எல்லாம் அந்த வட்டத்துக்குள் அடங்கும். ஓரத்தில் கொஞ்சம்கூட வளையாது. பதினோரு தடவை இழைத்துத் திருத்தினேன்.

இதை மாட்டிக்கொண்டு அவர் அறை முழுக்கப் பார்க்கலாம், ஜன்னலைப் பார்க்கலாம், உன் கோணல் மூஞ்சியைப் பார்க்கலாம்.

நடக்கும்போது எதிலாவது இடித்துக்கொள்கிறாரா? மேஜை முனைகளுக்குத் துணி சுற்று. குளியலறை வாசல்படிக்கு வெள்ளைப் பட்டை ஒட்டு. அவர் கேட்டால் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல். வேலை முடிந்ததும் வருகிறேன் என்று சொல்.

அக்கா


மார்ச் 20

அக்கா,

பெட்டி உடையாமல் வந்தது. மாட்டினேன். நான் பக்கத்தில் போய் நின்றேன். "யாருடா அது?" என்றார். நான்தான் என்றேன். "எறும்பு மாதிரி இருக்கே. எறும்புல இது யாரு, அது யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லிச் சிரித்தார். டாக்டர் அம்மாவிடம் கேட்டேன். நடுவில் இருக்கும் பார்வையும் மங்கத் தொடங்கிவிட்டதாம், சின்னதாக்கினால் முகம் பிடிபடாதாம். கண்ணாடியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதச் செஞ்சவங்க யாரு?" என்றும் கேட்டார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அப்பா அதைக் கழற்றித் துடைத்துப் பஞ்சில் வைத்தார். வைத்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வேலை சுத்தமா இருக்கு. ஒரு பழுது சொல்ல முடியாது. கண்ணாடிய அனுப்பிட்டா சரி, அவள எப்ப அனுப்புவா?"

இதற்குப் பதில் நீதான் சொல்ல வேண்டும்.

இன்றைய அளவு பதின்மூன்று அடி. அறையே பன்னிரண்டு அடிதான். அவர் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கதவைத் திறந்து, நான் வராந்தாவில் போய் நின்றேன். பக்கத்து வீட்டு அம்மா என்ன நினைத்தாரோ, "அப்பாவுக்கும் மகனுக்கும் சண்டையா?" என்று கேட்டார்.

அக்கா, உன் கண்ணாடி காத்திருக்கும். இந்த வட்டம் காத்திருக்காது. என்மேல் இருக்கும் கோபத்தை அவர்மேல் காட்டாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 8

தம்பி,

இங்கே பெரிய கண்ணாடி முடிந்து மூன்று வாரம் ஆகிறது. இழைப்பில் இருக்கிறது என்று சொன்னது முதலில் நிஜம், அப்புறம் பொய்.

இந்தக் கவரில் ஒரு தாள் இருக்கும். நாலாக மடித்து, மடித்து, மடிப்பில் கிழிய ஆரம்பித்துவிட்டது. 58ஆம் பக்கம். ஜூலையில் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வேலை அறைக்குப் போய்க் கிழித்தேன். அதற்குப் பிறகுதான் திரும்ப வந்து மாடிப்படியில் உன்னைத் திட்டினேன்.

என் கையெழுத்துதான், படி. "காலை 7.10. அப்பா சொல்கிறார், பார்க்கச் சொன்ன பச்சைப் புள்ளிக்கு மேலே ஒரு இடம் அழிந்தாற்போல் இருக்கிறதாம். கண்ணாடியின் மேல்வரிசை ஊசிகள் பலவீனம். திருத்த வேண்டும்." தேதியைப் பார். நீ கழிப்பதற்கு ஐந்து மாதம் முன்னால்.

அவர் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "துணியில நூல் விட்டுப்போன மாதிரி ஒரு எடம் இருக்கும்மா. எங்கண்ணுல ஏதாவதா?" என்று கேட்டார். அவரே கேட்டார், தம்பி. துணியில் பழுது கண்டுபிடிப்பது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த வேலை. அதைச் சரியாகச் செய்து என்னிடம் சொன்னார். நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. திருகாணியை முறுக்கிக்கொண்டே, "உங்க கண்ணு இல்லப்பா, என் கண்ணாடி. நான் சரி பண்ணிடறேன்" என்றேன். "அப்ப சரி" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அன்றைக்கே கூட்டிக்கொண்டு போயிருந்தால் இன்றைக்கு இரண்டு கண்ணும் இருந்திருக்கும். டாக்டர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவங்களா எதுவும் கம்ப்ளெயின்ட் பண்ணலையா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். சொல்லிவிட்டுப் போய்த்தான் இந்தப் பக்கத்தைக் கிழித்தேன்; திரும்பி வந்தால் மாடிப்படியில் நீ நின்றாய். எல்லாவற்றையும் உன் தலையில் போட்டேன். போட்டுவிட்டு ஊரைவிட்டே ஓடி வந்தேன்.

உன்மேல் கோபம் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவர் முகத்தில் முழிக்க எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். ஏழு அடியோ பதின்மூன்று அடியோ, அங்கே வந்து நின்றால் அவர் என்னைப் பார்ப்பார். அதைத் தாங்க என்னால் முடியுமா என்று தெரியவில்லை.

இந்தத் தாளை அவரிடம் படித்துக் காட்டு. நான் சொன்னேன் என்று சொல்.

அக்கா


ஏப்ரல் 17

அக்கா,

தாளை மூன்று தடவை படித்தேன். உன்னைத் திட்ட வேண்டும் என்று வாய்வரை வந்தது. ஒன்பது மாதம் நான் மட்டும்தான் கொலைகாரன் என்று நினைத்துக்கொண்டு இந்த வீட்டில் வளைய வந்திருக்கிறேன். சாப்பாட்டுத் தட்டை அவர் கையில் கொடுக்கும்போதெல்லாம் கை கூசும். ஒரு வார்த்தை நீ முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

ஆனால் திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. என்னிடமும் ஒன்று இருக்கிறது. அதற்கு நோட்டில் பக்கம்கூட இல்லை, நான் எழுதவே இல்லை.

கம்பெனிக்காரர்கள் நம் மிஷினை வாங்கலாமா என்று பார்க்க வந்தார்களே, அதற்கு ஒன்பது நாள் முன்னால். நல்ல மழை, அப்பா வர நேரமாயிற்று. நீ ஊசிகளுக்கு ஒயர் வாங்கப் போயிருந்தாய். மிஷின் சூடேறட்டும் என்று நானே தாடையை வைத்து என் கண்ணைப் படம் பிடித்தேன். அப்பா படத்தில் நிழல் விழுகிற அதே இடத்தில் என் படத்தில் ஒரு பிறை வெள்ளையாகப் பளபளத்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். நிழலே இல்லாத இடத்தில் நிழலைக் கழித்தால் அங்கே வெளிச்சம் கூடும். கோளாறு கண்ணாடியில் இருந்தால் என் கண்ணிலும் நிழல் விழுந்திருக்கும், கழித்த பிறகு சரியாகியிருக்கும். நிழல் அப்பாவின் கண்ணில் இருக்கிறது. ஒரே ஒரு ஆளை மாற்றி உட்கார வைத்தால் போதும், குழந்தைக்குக்கூடப் புரியும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தாடையைச் சரியாக வைக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு படத்தை அழித்தேன். அப்போது அப்பா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். "தள்ளுடா, என் எடம்" என்றார். எழுந்து கொடுத்தேன்.

நேற்று இரண்டையும் அவரிடம் சொன்னேன். உன் தாளைப் படித்தேன், அப்புறம் என் கதையைச் சொன்னேன். அவர் கை நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தது. வலித்தது அவருக்கு. வலிக்கவில்லை என்று உன்னிடம் எழுத மாட்டேன். அப்புறம், "அந்தக் காலையில எல்லாம் மூணு பேரும் ஒண்ணா இருந்தோம்ல. எனக்கு அது புடிச்சிருந்துச்சு. டாக்டருகிட்ட போனா அது நின்னுடுமேன்னுதான் நானும் ரெண்டாந்தடவ சொல்லல" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆலையில பழுதுன்னா ரெண்டு தடவ சொல்லணும். அது சட்டம்" என்றார்.

பதினெட்டு அடி, அக்கா. வராந்தாவில் படிக்கட்டு ஜன்னல் வரைக்கும். கை நீட்டிப் பிடித்தால் ஒரு நாணய அளவுதான் மிச்சம். தயவு செய்து வா.

தம்பி


ஏப்ரல் 24

தம்பி,

மே 3 வருகிறேன். பஸ் மூன்றரைக்கு வரும். அன்றைக்கே ஆறு மணிக்குத் திரும்ப வேண்டும், மறுநாள் கண்ணாடியை வண்டியில் ஏற்றுகிறார்கள். இந்தத் தடவை நிஜம்.

முன்னாலேயே அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்துவிடு. நான் நிற்க வேண்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போடு. ஜன்னல் வெளிச்சம் என் முகத்தில் விழ வேண்டும், முதுகில் விழுந்தால் முகம் கறுத்துவிடும், அதனால் இடது பக்கம் தள்ளிப் போடு. பின்சுவர் வெள்ளை, அதனால் நல்ல நீலத்தில் சட்டை போட்டு வருகிறேன், எடுப்பாகத் தெரியும். தூரத்தை முந்தின நாள் ஒருமுறை அளந்துகொள்.

அவர் என்ன சொல்வார் என்று தெரியவில்லை. ஆனாலும் வருகிறேன்.

அக்கா


மே 9

அக்கா,

நீ போய்ச் சேர்ந்தாய் என்று தெரிந்துகொண்டேன். இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். எழுதாமல் விட்டால் நான் பழையபடி கழிக்க ஆரம்பித்துவிட்டேன் என்று அர்த்தம். அதனால் எழுதுகிறேன்.

நீ அன்றைக்குக் கோட்டில் வந்து நின்றது என் கண்ணிலேயே நிற்கிறது. இருபது அடி. அழுகை வந்தபோதுகூடக் கையால் முகத்தை மறைக்காமல் நின்றாய், அவருக்கு முழுசாகத் தெரிய வேண்டும் என்று. கால்மணி நேரம் அப்படியே. அப்பா, "தெரியுதும்மா. முழுசா தெரியுது. எளைச்சிட்டே. சாப்பிடறியா இல்லியா?" என்றார். நீ அங்கிருந்தே மன்னிச்சிடுங்கப்பா என்றாய். "அங்கயே நில்லும்மா, கிட்ட வந்தா துண்டு துண்டாப் போயிடுவே. இன்னும் கொஞ்சம் பாத்துக்கறேன்" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, ஓடி வந்து கையை மட்டும் தொட்டுவிட்டுப் போனாய். போகும்போது உன் முகம் லேசாகியிருந்தது. பத்து மாதத்துக்கு அப்புறம் என்னைப் பார்த்து, "வரேன்டா" என்றாய்.

நேற்றுக் காலை அளக்க அட்டையை எடுத்து அவர் எதிரே பிடித்தேன். அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள், திரும்பிப் பார்த்தேன். பொத்தான் என் சட்டைப் பையிலேயே இருந்தது, அட்டைக்கு நான் கொண்டுவரவே இல்லை. அப்பா, "இருக்கு" என்றார். சற்றுப் பொறுத்து, "போச்சு" என்றார்.

எத்தனை நாளாக என்று கேட்டேன். முதலில் மழுப்பினார். அப்புறம் சொன்னார். ஏப்ரல் 28 காலையில் எழுந்தபோதே எல்லாம் சாம்பல் நிறமாக இருந்ததாம். "நீ எப்பவும் ஒரே எடத்துல ஆரம்பிச்சு ஒரே வேகத்துல நகத்துவடா. ஒம்போது எண்ணினா இருக்கு, பதினொண்ணுல போச்சு. தினம் கொஞ்சம் கொறைச்சுக்கிட்டேன். துணி ஓடறத முப்பது வருஷம் எண்ணினவனுக்கு இது ஒரு வேலையா?" என்றார்.

ஒரே மாதிரி, மாற்றாமல், துல்லியமாக. நான் இன்னும் திருந்தவே இல்லை, அக்கா. அந்த இருபது அடியை அவர் எனக்கு எண்ணிக் கொடுத்திருக்கிறார்.

ஏன்பா சொல்லலை என்று கத்திவிட்டேன். "வரேன்னு எழுதிட்டா. எத்தன மாசம் கழிச்சு எழுதியிருக்கா. வரவேணாம், நேரம் போயிடுச்சுன்னா சொல்ல முடியும்? அப்புறம் அவ எப்பவுமே வரமாட்டாடா" என்றார்.

நான் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அவ என்ன கலர்டா போட்டிருந்தா?"

நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அதை நீ சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

தம்பி


மே 14

தம்பி,

நீலம் என்று சொல். ஆலையில் அவர் போட்டுக்கொண்டு போவாரே, அந்தச் சட்டையின் நீலம். அதைச் சொன்னால் அவருக்குத் தெரியும்.

உன் கடிதத்தைத் தொழிற்சாலையின் பின்பக்கம் நின்று படித்தேன். அழுது முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. நீ எழுதாமல் இருந்திருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். அப்புறம், எழுதினாயே என்று நினைத்தேன். நான்கு மாதம் உன் கடிதங்களில் எத்தனை அடி, எத்தனை அடி என்று படித்துக்கொண்டே இருந்தேன். ஏழு அடியில் வந்திருக்க வேண்டியவள் நான். அது இனி என்னோடு வரும், யாராலும் எடுத்துப் போட முடியாது.

அன்றைக்கு அவர் கையைத் தொட்டது ஒரு நொடி. கிட்டே போனால் அவருக்கு நான் தெரியாமல் போய்விடுவேன் என்று பயந்து தள்ளித் தள்ளியே நின்றேன். அவரும் நிற்கச் சொன்னார். நான் நம்ப வேண்டும் என்று.

இங்கே கணக்கை முடித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வருகிறேன், திரும்பிப் போக டிக்கெட் எடுக்கவில்லை. படிக்கட்டுப் பக்கம் போட்ட சாக்பீஸ் கோட்டை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துவிடு. அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போடு. இரண்டும் இடிக்கிற மாதிரி ஒட்டிப் போடு. இனிமேல் நான் எவ்வளவு கிட்டே வந்தாலும் ஒன்றும் இல்லை.

அக்கா